சர்டிபிகேட் பிறந்தநாள்

ஏப்ரல் 26

ஒரு ஆளுக்கு மட்டும் ரசம் வைக்க எனக்கு இன்னும் வரவில்லை. ஸ்காட்லாந்துக்கு வந்து மூன்று வருஷம் ஆகப்போகிறது. எப்படி வைத்தாலும் நாலு பேருக்கு வந்துவிடுகிறது. அதை மூன்று நாள் சுடவைத்துக் குடிக்கிறேன். இந்த வீட்டில் என்னோடு தங்கியிருக்கும் மரிசெல் பிலிப்பைன்ஸ்காரி. நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில்தான் அவளும் நர்ஸ். ரச வாசனை கிளம்பினால் போதும், சமையலறை ஜன்னலைத் திறந்துவிடுவாள். நான் மூடுவேன். அவள் திறப்பாள். இதுதான் எங்கள் சிநேகிதம்.

மத்தியானம் இவர் போன் பண்ணினார்.

"ஹெப்சி, விசாவுக்கு இப்பவே போட்டுருவமா? எதுக்கு இழுத்துக்கிட்டு கெடக்கணும்?"

"பிள்ளைக்குப் பரீட்ச நடக்குற நேரத்துல ஆபீஸ் ஆபீஸா அலைய வைக்கச் சொல்லுதியளா? பெர்சி மொத வருசத்த முடிக்கட்டும். மார்க் லிஸ்ட்ட கையில வாங்கட்டும். அத வச்சுத்தான் இங்க காலேஜ்ல கேக்கணும்."

"சரி. நீ சொன்னா சரிதான்."

முதல் வருஷம் மாமியார் படுக்கையில் கிடந்தார்கள், இவரால் அசைய முடியவில்லை. அடுத்த வருஷம் மகள் பெர்சிஸுக்கு பிளஸ் டூ. இப்போது காலேஜ் முதல் வருஷம். ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம். இதுதான் கடைசிக் காரணம் என்று சொல்லிவிட்டேன். குழந்தைகள் என்ற கணக்கில் வரவேண்டுமென்றால் விண்ணப்பம் போடும் நாளில் பதினெட்டு வயது முடிந்திருக்கக் கூடாது, அவ்வளவுதானே. பெர்சிஸுக்குப் பதினெட்டு முடிவது டிசம்பர் பதினாலாம் தேதி. அதுவரை நேரம் தாராளமாகக் கிடக்கிறது.

மே 3

வாடகைக்கு வீடு பார்க்கப் போனேன். மாடியில் இரண்டு அறை, கீழே ஒரு ஹால். வீட்டுக்காரர் "எத்தனை பேர்?" என்று கேட்டதும் "நான்கு பேர்" என்றேன். சொல்லும்போதே முகமெல்லாம் சிரிப்பு வந்துவிட்டது. அவர் எதற்குச் சிரிக்கிறாள் என்று பார்த்தார். பார்க்கட்டும்.

சின்னவன் ஜோவினிடம் வீட்டு வீடியோவைக் காட்டினேன். ஒன்பது வயசாகிறது, கேள்விக்குக் குறைச்சலில்லை.

"அங்க பல்லி உண்டாம்மா?"

"இல்லடே. குளிருக்கு அது எங்க வரும்?"

"அப்ப ராத்திரி செவத்துல எதத்தான் பாக்க?"

அவனை விட்டு வரும்போது ஆறு வயசு. வள்ளியூர் ரயில்வே ஸ்டேஷனில் என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றவன், ரயில் வந்ததும் இன்ஜினைப் பார்க்க ஓடிவிட்டான். நல்லதாகப் போயிற்று என்று அப்போது நினைத்தேன்.

மே 11

பன்னிரண்டு மணி நேர டியூட்டி. மழை. காலையிலிருந்து ஒரு தமிழ் வார்த்தை பேசவில்லை. கொதிக்கிற பாத்திரத்தைத் தொட்டுவிட்டு "யம்மா" என்றதைச் சேர்க்காவிட்டால்.

மே 17

வீடு கிடைத்துவிட்டது. ஜூன் இரண்டாம் தேதி சாவி. பழைய சாமான் கடையில் அடுக்குக் கட்டில் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். மேல் கட்டில் பெர்சிஸுக்கு, கீழ்க் கட்டில் ஜோவினுக்கு. இதை அவனிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் இப்போதே மேல் கட்டிலுக்குச் சண்டை ஆரம்பித்துவிடும்.

இல்லத்தில் பெட்டி என்று ஒரு கிழவி இருக்கிறாள். நினைவு நிற்காது. தினமும் காலையில் நான் மாத்திரை கொடுக்கும்போது என் பெயரைக் கேட்பாள், பிறகு உனக்குக் குழந்தைகள் உண்டா என்று கேட்பாள். இரண்டு, சீக்கிரம் வரப்போகிறார்கள் என்பேன். "ஓ, எவ்வளவு சந்தோஷம்!" என்று கையைப் பிடித்துக்கொள்வாள். மூன்று வருஷமாக ஒவ்வொரு நாளும் புதிதாகச் சந்தோஷப்படுகிறாள். இந்த ஊரிலேயே என் பிள்ளைகளைத் தினமும் விசாரிக்கிற ஒரே ஆள் அவள்தான்.

மே 24

பெர்சிஸுக்குப் பரீட்சை முடிந்தது. "நல்லா எழுதிருக்கியாட்டி?" என்றேன். "எழுதிருக்கேன்" என்றாள். அவளிடமிருந்து ஒரு வார்த்தைக்கு மேல் வாங்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடுகிறது. முன்பெல்லாம் வாய் மூடாது.

மே 30

இன்றைக்கு ஒரே சிரிப்பு. பெர்சிஸின் காலேஜ் குரூப்பில் அவள் போட்டோவைப் போட்டு, சுற்றிலும் ரோஜாப்பூவும் பலூனுமாகப் பிறந்தநாள் வாழ்த்து வந்திருக்கிறது. காலேஜ் ரெக்கார்டில் அவளுக்கு மே முப்பதுதான் பிறந்தநாள். ஸ்கூலில் சேர்க்கும்போது எப்படியோ அப்படி விழுந்துவிட்டது. எங்கள் வீட்டில் இதற்கு சர்டிபிகேட் பிறந்தநாள் என்று பெயர். வருஷா வருஷம் இவர் அவளுக்கு ஒரு சாக்லேட் மட்டும் வாங்கிக் கொடுப்பார். புதுத் துணி, கேக், சர்ச்சில் ஸ்தோத்திரக் காணிக்கை எல்லாம் டிசம்பரில்தான்.

"அவளுக்கு மட்டும் ரெண்டு பொறந்தநாளு, எனக்கு ஒண்ணுதானா?" என்று ஜோவின் சண்டை பிடித்தான். இவர் அவனுக்கும் ஒரு சாக்லேட் வாங்கிக் கொடுத்து வாயை அடைத்தாராம். நான் இங்கிருந்து பாட்டுப் பாடினேன். பெர்சிஸ் காதைப் பொத்திக்கொண்டாள். ஆனால் சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று.

டிசம்பரில் அவளுக்கு நிஜப் பிறந்தநாளை இங்கேயே கொண்டாடிவிடலாம்.

ஜூன் 2

வீடு மாறியாயிற்று. மரிசெல் ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தாள். போகும்போது எல்லா ஜன்னலையும் திறந்து வைத்துவிட்டுப் போனாள், கழுதை. ஒவ்வொன்றாக மூடினேன். எட்டு ஜன்னல். ஒரே ஆளுக்கு எட்டு ஜன்னல்.

எந்த அறையில் படுப்பது என்று தெரியவில்லை. ஹாலில் படுத்தேன்.

ஜூன் 9

மார்க் லிஸ்ட் நெட்டில் வந்துவிட்டது. எழுபத்தெட்டு சதவீதம். இவர் மூன்று பேர் பாஸ்போர்ட்டையும் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டார். எனக்கு இந்த விண்ணப்பமெல்லாம் பிடிபடாது. இல்லத்தில் இரண்டு பேருக்கு இதே விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவள் என்பதால் மரிசெலை வரச் சொல்லியிருந்தேன். புளியோதரை செய்து வைத்தேன். அதிசயமாக ஜன்னலைத் திறக்காமல் சாப்பிட்டாள்.

இவருடையதை முடித்தோம். ஜோவினுடையதை முடித்தோம். பெர்சிஸ் பாஸ்போர்ட்டைப் போனில் பெரிதாக்கிப் பார்த்த மரிசெல், இவள் பெயரை எதற்குக் குழந்தைகள் பக்கத்தில் போடுகிறாய் என்று கேட்டாள்.

குழந்தைதானே என்றேன்.

"பத்து நாளுக்கு முன்னால் வரைக்கும்" என்றாள். கேலி என்றுதான் நினைத்தேன். போனை என் பக்கம் திருப்பினாள்.

பிறந்த தேதி: மே 30.

இல்லை, அது சும்மா, நிஜத்தில் அவள் பிறந்தது டிசம்பரில் என்று சொன்னேன். மரிசெல் என்னைப் பார்த்த பார்வையை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. டியூட்டியில் ஒருவருக்கு உயிர் போனபிறகு வீட்டு ஆட்களிடம் சொல்லப் போகும்போது நாங்கள் வைத்துக்கொள்கிற முகம் அது. சும்மா என்றால் என்ன அர்த்தம் என்று மெதுவாகக் கேட்டாள். அவளுக்கு விளக்க என்னால் முடியவில்லை. எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு இரண்டு பிறந்தநாள் உண்டு. ஒன்று வீட்டுக்கு, ஒன்று சர்க்காருக்கு. யாரும் அதை ஒரு பொய் என்றே நினைப்பதில்லை. நானும் நினைக்கவில்லை. மூன்று வருஷமாக நாள் எண்ணிய எனக்கு, எந்தப் பிறந்தநாளிலிருந்து எண்ண வேண்டும் என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லையே.

ஜூன் 10

பெட்டி கேட்டாள். மாத்திரையை மட்டும் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் 12

விசா விஷயங்களுக்கு ஆலோசனை சொல்கிற ஒரு அம்மாள் இருக்கிறாள் என்று மரிசெல் கூட்டிப்போனாள். பொறுமையான பெண். ஒரு தாளில் எழுதியே காட்டினாள். பாஸ்போர்ட்டில் உள்ளதுதான் வயது. பதினெட்டு முடிந்தவர் தாயோடு சேர்ந்துகொள்ளும் குழந்தையாக வர முடியாது. மாணவியாக வரலாம், அதற்குத் தனிக் கட்டணம், தனிச் சேமிப்பு. அந்த எண்ணைக் கேட்டதும் நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். சுற்றிப்பார்க்க வரலாம், திரும்பிப் போய்விட வேண்டும். அவளே ஒரு வேலை தேடிக்கொண்டு வரலாம், அதற்கு முதலில் படிப்பு முடிய வேண்டும்.

நிஜமான தேதிக்கு அத்தாட்சி இருக்கிறது, ஆஸ்பத்திரியில் பிறந்தவள் என்றேன். அப்படியானால் பள்ளி, ஆதார், பாஸ்போர்ட் எல்லாவற்றையும் முதலில் உங்கள் நாட்டில் திருத்திவிட்டு வாருங்கள் என்றாள். இரண்டு தேதியையும் ஒன்றாகக் கொடுத்தால் எது பொய் என்று கேட்பார்கள், பிறகு நீங்கள் எழுதிய மற்ற எல்லாவற்றையும் அதே கண்ணால் பார்ப்பார்கள் என்றாள்.

எழுந்திருக்கும்போது இன்னொன்றும் சொன்னாள். பையன் வரவேண்டுமென்றால் தாய், தகப்பன் இரண்டு பேரும் இங்கே இருக்க வேண்டும். தகப்பனை அங்கே வைத்துவிட்டு அவனை மட்டும் கூப்பிடுவது கஷ்டம்.

மே மாதம் இருபத்தொன்பதாம் தேதி வந்திருந்தால் ஒரு பேச்சும் இல்லை. நாலு பேருக்கும் போட்டிருக்கலாம். இவர் ஏப்ரலிலேயே கேட்டார்.

ஜூன் 14

இவரிடம் சொன்னேன். லைன் போய்விட்டதோ என்று "ஏங்க, ஏங்க" என்றேன்.

"இருக்கேன்" என்றார். "நாளைக்கு நாகர்கோவில் போயி ரிஜிஸ்தர எடுத்துப் பாக்கேன். எதாவது வழி இருக்கும். நீ அழாத."

நான் அழவில்லை. அழுதது அவர்தான்.

தப்பு யார் மேல் என்று பார்த்தால் அந்த ஸ்கூல் ஹெட்மாஸ்டர் மேல்தான். அவர்தான் தன் கைப்பட அந்தத் தேதியை எழுதியது.

ஜூன் 19

பிறப்புப் பதிவேட்டின் நகலை அனுப்பியிருக்கிறார். டிசம்பர் 14, பெண் குழந்தை, தாயார் பெயர் ஹெப்சிபா. குழந்தையின் பெயர் என்ற இடத்தில் வெறும் கோடு. நாங்கள் போய்ப் பெயரைச் சேர்க்கவே இல்லை. அதை வைத்துத் திருத்தலாம் என்றும், கோர்ட்டுக்குப் போக வேண்டியிருக்கும் என்றும், ஒன்றரை வருஷமோ இரண்டு வருஷமோ ஆகும் என்றும் வக்கீல் சொன்னாராம். அதற்குள் நிஜத் தேதிக்கே பதினெட்டு முடிந்துவிடும்.

"அப்ப நீங்களும் ஜோவினும் வாங்க" என்றேன். எப்படித்தான் வாய் வந்ததோ.

"வயசுப் பிள்ளைய ஹாஸ்டல்ல தள்ளிட்டு நான் அங்க வந்து கம்பளியப் போத்திக்கிட்டு இருக்கவா? வேண்டாம் ஹெப்சி. நாங்க மூணு பேரும் இங்கனயே இருக்கோம். ஒனக்கு முடியலன்னா நீ வந்துரு."

வந்துவிடலாம். இங்கே கையெழுத்துப் போட்ட வேலையை விட்டுவிட்டு வந்துவிடலாம். பழையபடி அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்து, சம்பளம் வாங்கிய அன்றே கடன் கேட்கப் போகலாம். அவருக்கு மருந்துக் கடையில் என்ன தருகிறார்கள் என்று எனக்குத் தெரியாதா. கோபத்தில் போனை வைத்துவிட்டேன். யார் மேல் கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஜூன் 22

ஞாயிறு. சர்ச்சுக்குப் போனேன். என்னையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர். பக்கத்துப் பெஞ்சுக்காரர் வீடு பிடித்திருக்கிறதா என்று கேட்டார். பெரிய வீடு என்றேன்.

பெர்சிஸுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. யார் இப்படித் தேதியை மாற்றியது என்று கேட்டிருக்கிறாள். இவர் "நான்தாம்மா மாத்துனேன், அப்ப எனக்கு வெவரம் பத்தல" என்று சொல்லிவிட்டாராம். அவரோடு அவள் இரண்டு நாளாகப் பேசுவதில்லை. தட்டை வைக்கிற சத்தத்தில்தான் சாப்பாடு ரெடி என்று தெரிந்துகொள்கிறேன் என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார்.

நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

ஜூன் 25

அடுக்குக் கட்டில் வந்து இறங்கியது. முன்பணம் கொடுத்திருந்தேன், வேண்டாம் என்று சொல்ல மறந்துபோனேன். இரண்டு பேர் வந்து மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். குழந்தைகள் எங்கே என்று கேட்டார்கள். ஸ்கூலுக்குப் போயிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 28

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டிலாவது எழுதாவிட்டால் மனுஷியே இல்லை.

ஹெட்மாஸ்டர் இல்லை. இவரும் இல்லை. இவர் அன்றைக்கு ஊரிலேயே இல்லை.

பெர்சிஸுக்கு அப்போது நாலரை வயசு. திருநெல்வேலியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. ஜூன் மாதம் சேர வேண்டும். பிள்ளையைப் பகலில் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லை. ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிட்டால் சாயங்காலம் வரை கவலையில்லை என்று அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். ஐந்து முடியவில்லையே, அடுத்த வருஷம் வாருங்கள் என்றுதான் அந்த மனுஷர் சொன்னார். நல்ல மனுஷர். நான்தான் கெஞ்சினேன். மே முப்பது என்று போடுங்கள் சார், சர்டிபிகேட்டைப் பிறகு கொண்டுவந்து தருகிறேன் என்று நான்தான் தேதியையும் சொன்னேன். கொண்டுபோய்க் கொடுக்கவே இல்லை.

வகுப்பில் அவள்தான் எல்லாரையும்விடக் குட்டி. பெஞ்சில் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடாது. முதல் மாதம் முழுக்க மத்தியானம் தூங்கி விழுவாள் என்று டீச்சர் சொல்வார்கள். பிள்ளை கெட்டிக்காரி, சமாளித்துக்கொள்வாள் என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

ஜூன் 29

பெர்சிஸிடம் சொல்லிவிட்டேன்.

"அப்பா மேல கோவப்படாத. அப்பா ஒண்ணும் செய்யல. தேதிய மாத்துனது நான்தான்."

கேமராவை அணைத்து வைத்திருந்தாள். அவள் முகம் தெரியவில்லை.

"எதுக்கும்மா மாத்துன?"

"வேலைக்குச் சேரணும்னு இருந்துது. ஒன்னப் பாத்துக்கிட ஆளில்லட்டி. வேற வழி தெரியல."

"அப்பவும் வேலைக்குத்தானா?" என்றாள்.

கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். உடனே வைத்துவிட்டாள்.

ஜூலை 2

எடுக்கவில்லை.

ஜூலை 5

எடுக்கவில்லை. அப்பாவோடு மட்டும் பேசுகிறாளாம். அந்த மட்டும் நல்லது. இன்று இரண்டு டியூட்டியைச் சேர்த்துப் பார்த்தேன். வீட்டுக்கு வர மனசில்லை.

ஜூலை 8

மரிசெல் ஒரு பாத்திரத்தில் சூப் கொண்டுவந்தாள். மீன் வாடை தாங்கவில்லை. நான் எழுந்து ஜன்னலைத் திறந்தேன். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. மரிசெல் சூப்பை மூடி வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் தமிழிலேயே ஏதேதோ சொன்னேன். அவளுக்கு என்ன புரிந்ததோ, தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

ஜூலை 12

காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது போன். பெர்சிஸ். வீடியோவில் வந்தாள். முகம் கழுவி, தலை வாரி, இன்டர்வியூவுக்கு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"காலேஜ் ஹாஸ்டல்ல எடம் கேட்டுட்டேன். தாரேன்னுட்டாங்க. அப்பாவ சம்மதிக்க வச்சுட்டேன். மொறைக்காவ, ஆனா வருவாவ. நீ அவங்க ரெண்டு பேருக்கும் போட்ரு."

"ஒன்ன விட்டுட்டா? நான் வேலைய விட்டுட்டு வந்துருதேன் பெர்சி. எல்லாரும் ஒண்ணா அங்கனயே இருப்போம்."

"வந்து? மறுபடி எதாவது ஊருக்கு டியூட்டிக்குப் போவ." கோபமில்லாமல்தான் சொன்னாள். பிறகு போனைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் வந்துவிட்டாள். குரலைத் தாழ்த்தினாள். தம்பி உள்ளே இருக்கிறான் போலிருக்கிறது.

"நேத்து ஸ்கூல்ல பேரன்ட்ஸ் மீட்டிங்குன்னு பேப்பர் கொண்டுவந்தான். அம்மா வருவாளான்னு கேக்கான். ஒவ்வொரு தடவையும் கேக்கான்மா. நான் கேக்குறத விட்டு ரொம்ப நாளாச்சு."

உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"நீ இல்லாம இருக்க எனக்குப் பழகிட்டும்மா. அவனுக்கு இன்னும் பழகல. பழகுறதுக்கு முன்ன கூட்டிட்டுப் போயிரு."

சரி என்று மட்டும் சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று வைத்துவிட்டாள். வாயில் பற்பசையோடு அப்படியே எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.

சாயங்காலம் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன், இரண்டு பேருக்கு. அவளுக்குப் பழகிவிட்டது என்று சொன்னதை நான் நம்பவில்லை. நம்பினவள் மாதிரி அனுப்பிவிட்டேன்.